கஞ்சி என்றால் எந்தக் கஞ்சி? விழுங்கச் சிரமப்படுபவர்களைக் கவனிக்கும் பணியாளர்களுக்கான பயிற்சி

கேள்வி: கொழிஞ்சாம்பாறை இல்லப் பொறுப்பாளர்

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் 18 முதியவர்கள் தங்கியிருக்கும் சிறிய இல்லம் ஒன்றை நடத்தி வருகிறேன். பக்கவாதம் வந்த மூவரும் பார்க்கின்சன் நோயுள்ள ஒருவரும் விழுங்கச் சிரமப்படுகிறார்கள். பணியாளர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுபவர்கள், மீதிப் பேர் மலையாளம் பேசுபவர்கள்.

சென்ற மாதம் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவரின் சீட்டில் ‘கஞ்சி மட்டும்’ என்று எழுதியிருந்தது. பகலில் எங்கள் சமையலம்மா நொய்யரிசியைக் குழைய வேகவைத்துக் கடைந்து கொடுத்தார். அதை அவர் சிரமமின்றிக் குடித்தார். இரவுப் பணிக்கு வந்த சேச்சியோ தம் வீட்டு வழக்கப்படி, மட்டை அரிசிப் பருக்கை அடியிலும் தண்ணீர் மேலேயும் நிற்கும் கஞ்சியைக் கொடுத்தார். பெரியவருக்குப் புரையேறியதும் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி, தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது தேறிவிட்டார். இருவரும் அக்கறையோடுதான் செய்தார்கள் என்பதால் யாரையும் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஒரு நாள் வகுப்பு வைத்தால் போதுமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1: பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர், கோவை

கஞ்சியிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் இல்லத்தில் நடந்தது அலட்சியத்தால் வந்த தவறு அன்று. ஒரே சொல் எல்லைக்கு இரண்டு பக்கமும் இரண்டு உணவைக் குறிக்கிறது. பருக்கையும் தண்ணீரும் பிரிந்து நிற்கும் உணவுதான் இவர்களுக்கு மிகக் கடினமானது, ஏனென்றால் வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் இறங்கி, மூடத் தயாராகாத மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ரசம் சாதமும், தண்ணீராக இருக்கும் சாம்பாரில் மிதக்கும் இட்லியும் இதே வகைதான்.

ஆகவே ‘கெட்டியாக’, ‘குழைவாக’ என்ற சொற்களை விட்டுவிட்டு அளந்து பார்க்கப் பழக்குங்கள். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு அளவுகோல் பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. அதில் பானத்தைச் சோதிக்க, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று போதும். 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை நீளம் 61.5 மி.மீ. இருக்கிறதா என்று மட்டும் அளந்து வாங்குங்கள். நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. நிரப்பி, விரலை எடுத்துச் சரியாக 10 விநாடி ஒழுகவிட்டு மீண்டும் அடைக்க வேண்டும். உள்ளே மிஞ்சியது 1 முதல் 4 மி.லி. வரை என்றால் முதல் நிலை, 4 முதல் 8 வரை என்றால் இரண்டாம் நிலை, 8க்கு மேல் மிஞ்சியும் ஓரளவு ஒழுகியிருந்தால் மூன்றாம் நிலை. ஒன்றுமே ஒழுகாவிட்டால் அது நான்காம் நிலை. அதைக் கரண்டியில்தான் கொடுக்க வேண்டும். மென்று தின்னும் மென்மையான உணவுக்கு 1.5 செ.மீ. துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில், நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பாருங்கள். நசுங்கியது பழைய வடிவுக்குத் திரும்பக் கூடாது. இதற்கு எந்த மொழியும் வேண்டியதில்லை.

யாருக்கு எந்த நிலை என்பதை முடிவு செய்வது பணியாளரின் வேலை அன்று. நேரில் பரிசோதித்த சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். பயத்தில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிடுகிறார்கள். குடிக்கப் பிடிக்காமல் தண்ணீரின் அளவு குறைந்து, உடலில் நீர் வற்றிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் 2: செவிலியர், செங்கோட்டை

தலையில் தட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கமும் அதேதான். இருமுகிறவரை இருமவிட வேண்டும்; இருமல்தான் அவருடைய காவல். அந்த நேரத்தில் கொடுக்கும் தண்ணீர் உள்ளே போனதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். குரல் எழாமல், இரும முடியாமல், முகம் நீலம் பாரித்தால் அது வேறு நிலைமை: முன்னே குனியவைத்து முதுகில் ஐந்து தட்டு, பலன் இல்லையென்றால் வயிற்றில் ஐந்து அழுத்தம், அதற்குள் ஒருவர் 108க்கு அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. இதைப் பொம்மையிலோ ஆள் முன்னிலையிலோ செய்து காட்டாமல் வாயால் சொல்லிவிட்டுப் போவதால் பயன் இல்லை.

இன்னொன்று, சிலருக்குப் புரையேறாமலேயே உணவு நுரையீரலுக்குள் போகும். சாப்பிட்டபின் குரல் நீரில் கொப்பளிப்பதுபோல ஈரமாக ஒலிப்பது, காரணமில்லாமல் காய்ச்சல் வந்து வந்து போவது, எடை குறைவது ஆகியவற்றைப் பணி மாறும்போது நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கிக் கிடக்கிறதா என்று பார்த்து, இரு வேளையும் பல்லையும் நாக்கையும் துலக்கிவிடுவது மருந்துக்குச் சமம். அழுக்கு வாயின் கிருமிதான் நிமோனியாவுக்கு வித்து. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் பொடிக்கக் கூடாது.

பதில் 3: வாளையாற்றிலிருந்து, அம்மாவைக் கவனித்துவரும் மகள்

பணியாளர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவருக்கொருவர் கரண்டியால் ஊட்டிவிடச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் புரிந்தது. எழுந்து நின்றபடி ஊட்டுகிறவரைப் பார்க்க நம் தலை தானாக நிமிர்கிறது. நிமிர்ந்த தொண்டையில் விழுங்குவது எவ்வளவு கடினம் என்பது இரண்டாவது வாயிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு நான் ஒரு நாளும் நின்றுகொண்டு ஊட்டியதில்லை. அம்மாவை நேராக உட்காரவைத்து, எதிரே தாழ்ந்த ஸ்டூலில் நானும் உட்கார்ந்து, முந்தைய வாய் இறங்கிய பிறகே அடுத்த கரண்டியை எடுக்கிறேன். தொலைக்காட்சியை அணைத்துவிடுவோம். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடுவதில்லை. எங்கள் ஊராட்சியிலிருந்து வீட்டுக்கு வரும் பாலியேட்டிவ் (நோயின் துன்பம் தணிக்கும் பராமரிப்பு) செவிலியர்தான் இவற்றைச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் ஊராட்சியிலும் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்றுச் சிரிஞ்சு வாங்கிவந்து சமையலறையிலேயே சோதித்தோம். வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சி இறக்கிய சூட்டில் 5 மி.லி. மிஞ்சியது; அரை மணி ஆறிய பிறகு சிரிஞ்சிலிருந்து இறங்கவே இல்லை. ஊட்டும் வேளையில் ஒரு முறை அளக்க வேண்டும் என்று சமையலம்மாவே சொல்லிவிட்டார். சேச்சி மலையாளத்திலும் அவர் தமிழிலும் அந்த நால்வரின் பெயர்களைச் சுவரில் எழுதி, நிலை எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். சிகிச்சையாளர் வரும் சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அதுவரை, பருக்கை நிற்கும் கஞ்சி அந்த நால்வருக்கு மட்டும் கிடையாது.