ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் மைலேஜ் டப்பா வேலை செய்கிறதா? அவசரம்

திருப்பூர்_சாரதி:
வணக்கம். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிக் கோளாறு பார்க்கும் இடம்) மாட்டும் பச்சை டப்பா ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். மைலேஜும் பிக்கப்பும் கூடுமாம். சாவியைப் போட்டு, பட்டனை ஐந்து விநாடி அழுத்தி, 200 கி.மீ. ஓட்டினால் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அப்படியே செய்தேன். மீட்டரில் லிட்டருக்கு 14.2 கி.மீ. காட்டியது, இப்போது 16.1 காட்டுகிறது. பிக்கப்பும் கூடியது போலத்தான் இருக்கிறது. மச்சான் சிரிக்கிறான். நாளைக்குள் திருப்பி அனுப்பினால்தான் பணம் வரும். வைத்துக்கொள்ளவா வேண்டாமா?

ஸ்பேனர்_செல்வா:
என்ன வண்டி? பெட்ரோலா டீசலா? எந்த வருடம்?

பைபாஸ்_பாபு:
அந்த 14.2 எந்த ரோட்டில், 16.1 எந்த ரோட்டில்? ஏசி போட்டிருந்தீர்களா?

முறுக்குவிசை:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். எஞ்சினில் காற்று, எரிபொருள், தீப்பொறி என மூன்று விஷயம்தான். அதில் எதைத் தொட்டது உங்கள் டப்பா? அந்த விலைக்கு இரண்டு லிட்டர் ஆயில் வாங்கியிருக்கலாம் தம்பி.

டீசல்பிரியன்:
எல்லாவற்றையும் பொய் என்று சொல்லாதீர்கள். என் டீசல் வண்டியில் டியூனிங் பாக்ஸ் போட்டிருக்கிறேன். ஏற்காடு மலையில் மூன்றாவது கியரில் ஏறுகிறது.

முறுக்குவிசை:
அது வேறு சாதி ஐயா. உங்கள் பாக்ஸ், டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உண்மையைவிடக் குறைந்த அழுத்தம் இருப்பதாக ஈசியுவிடம் சொல்கிறது. ஈசியு அழுத்தத்தை ஏற்றுகிறது, டீசல் கூடுதலாகப் போகிறது, டர்போவும் இருப்பதால் இழுவை வருகிறது. கூடவே கிளட்ச் சீக்கிரம் தேயும், வாரண்டியும் போகும். பெடல் பாக்ஸ் என்று விற்பதும் தனி ரகம்: ஆக்சிலரேட்டர் சிக்னலை முன்கூட்டியே ஏற்றிக் கொடுக்கும், பவர் துளியும் கூடாது. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகக் காட்டும், அவ்வளவே.

மதுரை_சால்டரிங்:
போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவர் இதே மாதிரி டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார், திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர், மூன்று எல்ஈடி, அந்தப் பட்டன், வோல்டேஜ் ரெகுலேட்டர். ஓபிடி சாக்கெட்டில் 16 முனை உண்டு. 16-இல் பேட்டரி, 4-லும் 5-லும் எர்த். ஈசியுவோடு பேசும் கேன் லைன் 6-லும் 14-லும் இருக்கும். பேசுவதற்கு டிரான்ஸீவர் ஐசி ஒன்று வேண்டும், பலகையில் அது இல்லவே இல்லை. வாயும் காதும் இல்லாத சாமான் ஈசியுவை எப்படித் திருத்தும்? 2017-இல் பிரான்ஸில் ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இந்த வகை டப்பா ஒன்றைப் பிரித்து ஆராய்ந்து, வெறும் விளக்கு மினுக்குகிற வேலைதான் என்று வெளியிட்டார்கள்.

காந்தக்கண்ணன்:
பெட்ரோல் பைப்பில் காந்தம் கட்டினால் மூலக்கூறுகள் பிரிந்து நன்றாக எரியும். என் மாமா லாரியில் கட்டியிருக்கிறார்.

ஸ்பேனர்_செல்வா:
அமெரிக்காவில் ஈபிஏ என்ற சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட சாதனங்கள் நூற்றுக்கும் மேல் ஆராய்ந்து பார்த்திருக்கிறது. காந்தமும் அதில் அடக்கம். தேறியவை மிகச் சில, அவையும் கொஞ்சம்தான் மிச்சம் பிடித்தன. இன்ஜெக்டர் வைத்த பெட்ரோல் வண்டியில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைப் பார்த்துப் பார்த்து ஈசியு கலவையைச் சரியான அளவிலேயே நிறுத்தும் (சுத்தப் பெட்ரோலுக்கு எடையில் காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1). எரியாமல் வீணாகப் போவதே ரொம்பக் குறைவு, அதில் எதை மிச்சம் பிடிக்க?

சாரதி, மீட்டரை நம்பாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், முதல் ஆட்டோ கட் (பம்பு தானாக நிற்பது) வரை நிரப்புங்கள். வழக்கமான ரூட்டில் ஓட்டி மறுபடி அதே போல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். டப்பாவோடு சில டேங்க், இல்லாமல் சில டேங்க். வீட்டில் யாரையாவது மாட்டவோ கழற்றவோ சொல்லி, சாக்கெட்டைத் துணியால் மூடிவிடுங்கள். மாட்டியிருக்கிறதா என்று உங்களுக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் கால் தானாகவே மெதுவாக மிதிக்கும்.

பைபாஸ்_பாபு:
நாளைக்குள் எத்தனை டேங்க் ஓட்டுவார் பாவம்.

பழைய_கார்பரேட்டர்:
மைலேஜ் குறைந்ததால்தானே வாங்கினார்? எல்லாம் இந்த இ20 பெட்ரோலால் வந்தது. இருபது சதவீதம் எத்தனால் என்றால் மைலேஜும் இருபது சதவீதம் போச்சு.

முறுக்குவிசை:
கணக்கு தெரியாமல் பேசக் கூடாது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. இருபது சதவீதம் கலந்தால் இழப்பு ஏழு சதவீதத்தை ஒட்டி வரும். ஏற்கெனவே பத்து சதவீதம் கலந்துதான் விற்றார்கள், அதிலிருந்து பார்த்தால் பாதி. 15 கொடுத்த வண்டிக்கு அரை கிலோமீட்டர்.

பழைய_கார்பரேட்டர்:
காகிதக் கணக்கு. என் வண்டி 2009 மாடல், ரப்பர் ஹோஸ் எல்லாம் ஊறிப்போய்க் கிடக்கிறது, அதற்கு எந்தக் கணக்கு?

முறுக்குவிசை:
ஹோஸ் பிரச்சினை உண்மைதான், மறுக்கவில்லை. நான் சொன்னது மைலேஜ்.

டீசல்பிரியன்:
அதனால்தான் டீசல் வாங்குங்கள் என்று சொல்கிறேன்.

ஸ்பேனர்_செல்வா:
இழையை வேறு பக்கம் ஓட்டாதீர்கள். சாரதி, இன்னும் வண்டியின் பெயரே வரவில்லை. டயரில் காற்று பார்த்தீர்களா?

திருப்பூர்_சாரதி:
மன்னிக்கவும், மில் வேலை. சுவிஃப்ட் பெட்ரோல், 2016. 14.2 டவுனுக்குள். அந்த 200 கி.மீ. அவினாசி ரோட்டில் இரண்டு முறை கோவை போய்வந்தது. ஏசி போடவில்லை, மழை.

பைபாஸ்_பாபு:
முடிந்தது கதை. ஹைவேயில் ஏசி இல்லாமல் 16.1 என்றால் குறைவுதான் அண்ணா. டப்பாவை விடுங்கள், வண்டியைப் பாருங்கள். ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று.

திருப்பூர்_சாரதி:
ரிட்டர்ன் போட்டுவிட்டேன். டயர் நான்கிலும் காற்று 24 பிஎஸ்ஐதான் இருந்தது. பெட்ரோல் பங்கில் ஏற்றிக்கொண்டேன். எல்லோருக்கும் நன்றி.

ஸ்பேனர்_செல்வா:
கதவு ஓரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றினீர்களா, பங்குப் பையன் சொன்ன அளவுக்கா?

காந்தக்கண்ணன்:
மாமா லாரிக்கு ஆக்சிஜன் சென்சாரே கிடையாது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?