கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்ச் சேனலுக்கு மட்டும் ஏன் தனிக் காசு?

கேட்டவர்: வேலந்தாவளம் வாசகர்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பல வீடுகளில் தமிழும் ஓடும், மலையாளமும் ஓடும். கேபிளில் அடிப்படை பேக்கேஜ் எடுத்தால் மலையாளம் நிறைய வருகிறது, தமிழுக்குத் தனியாகக் கட்டவேண்டும். சின்னத் தமிழ்ச் சேனல்கள் சில, காசு கட்டுகிறோம் என்றாலும் கிடைப்பதில்லை. எல்லை தாண்டினால் அதெல்லாம் ஓடுகிறது. இது ஆபரேட்டர் முடிவா, சேனல் கம்பெனி முடிவா, சட்டமா? தூர்தர்ஷன் மட்டும் இருந்த நாளிலிருந்து சேனல்காரர்கள் கேபிளையும் சாட்டிலைட்டையும் எப்படிச் சமாளித்து இந்த நிலைக்கு வந்தார்கள்? பில்லைக் குறைக்கவும் வழி சொன்னால் நல்லது. மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் மட்டும் வைத்தால் போதுமா?

பதில்: பீட்டா டேப்

அமெரிக்காவில் ஆன்டெனா வழி ஒளிபரப்பிய தனியார் நிலையங்களுக்குத்தான் கேபிள் போட்டியாக வந்தது. நம் நாட்டில் தனியாருக்குத் தரைவழி டிரான்ஸ்மிட்டரே கொடுக்கவில்லை. அதனால் முதல் அடி விழுந்தது தூர்தர்ஷனின் விளம்பர வருமானத்தில். 1991 வளைகுடாப் போர்ச் செய்தியோடு டிஷ் பரவியது. அதே ஆண்டு ஸ்டார், 1992 அக்டோபரில் ஜீ, 1993 ஏப்ரல் 14-இல் சன், ஆகஸ்டில் ஏஷ்யாநெட். தூர்தர்ஷன் 1993-இல் மெட்ரோ சேனலைக் கொண்டுவந்து, வெளித் தயாரிப்பாளர்களுக்கு நேரம் விற்றது. அதற்குக் கிடைத்த உறுதியான பாதுகாப்பு 1995 கேபிள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு: குறிப்பிட்ட தூர்தர்ஷன் சேனல்களை எந்த கேபிள்காரரும் விடக்கூடாது.

தனியார் பக்கம் பெரிய முட்டுக்கட்டை அப்லிங்க். இந்தியாவிலிருந்து சிக்னல் ஏற்ற அனுமதி இல்லாத அந்த ஆண்டுகளில் டேப்பை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கிருந்து ஏற்றினார்கள். டேப் போய்ச் சேர்வதற்குள் செய்தி பழசாகிவிடும். சீரியலும் சினிமாப் பாட்டும் பழசாகாது. ஆரம்ப காலச் சேனல்கள் சினிமாவைப் பிடித்துக்கொண்டதற்கு இது பெரிய காரணம் என்பது என் கணிப்பு. செலவுக்கு ஸ்லாட் முறை. தயாரிப்பாளர் அரை மணி நேரத்துக்குக் கட்டணம் கட்டிவிட்டு, அதற்குள் கிடைக்கும் விளம்பர நொடிகளைத் தானே விற்றுக்கொள்வார். சேனலுக்கு நஷ்ட பயம் குறைவு.

அடுத்த கட்டம் மொழிவாரிப் பெருக்கம். சன் குழுமம் கன்னடத்தில் உதயா, மலையாளத்தில் 1998-இல் சூர்யா என்று போனது. ஸ்டார் 2001-இல் விஜய்யை வாங்கி, 2008-இல் ஏஷ்யாநெட்டில் பெரும்பங்கு எடுத்தது. ஜீ தமிழ் வந்ததும் 2008-இல்தான். கேபிள்காரர்கள் தங்கள் வீடியோ சேனலில் படம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 24 மணி நேரமும் படம் என்று கே டிவி 2001-இல் வந்தது. கூடவே வயரையும் கையில் எடுத்தார்கள்: சென்னையில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள், கேரளத்தில் ஏஷ்யாநெட் கேபிள். அதற்கு எதிர்வினையாகக் கேரளத்துச் சின்ன ஆபரேட்டர்கள் சேர்ந்து கேரளா விஷன் அமைத்தார்கள். இப்படி ஒரே குழுமம் நாலு மொழியில் சேனல் வைத்திருப்பதால் மொழிக்கொரு பேக் கட்டி விற்பது அவர்களுக்குச் சுலபம். உங்கள் வீட்டுக்கு இரண்டு பேக் தேவைப்படுவது அங்கிருந்து வந்தது.

பதில்: ஹெட்எண்ட்

சின்னச் சேனல் ஏன் வருவதில்லை என்பதற்கு நான் சொல்கிறேன், சார்.

அனலாக் காலத்தில் பழைய டிவி டியூனர் பிடித்தது பேண்ட் 1, பேண்ட் 3 என்ற இரண்டு அலைவரிசைத் தொகுப்பு மட்டும். மொத்தம் 11 இடம். அலைவரிசை ஏற ஏறக் கோஆக்ஸியல் வயரில் இழப்பும் ஏறும். சிக்னலைத் திரட்டி வயரில் ஏற்றும் ஹெட்எண்டிலிருந்து நாலைந்து ஆம்ப்ளிஃபயர் தாண்டிய கடைசி வீட்டில் பேண்ட் 1 பளிச்சென்று இருக்கும், மேலே உள்ள ஹைப்பர் பேண்டில் புள்ளி புள்ளியாக விழும். அந்த 11 இடத்துக்குள் உட்கார சேனல்காரர்கள் ஆபரேட்டருக்குப் பிளேஸ்மென்ட் காசு கொடுத்தார்கள். ஒரு பக்கம் சந்தாக் காசு வாங்கி, மறு பக்கம் இடத்துக்குக் காசு கொடுத்து ஓட்டிய வியாபாரம் அது.

டிஜிட்டல் பாக்ஸ் வந்ததும் இடப் பஞ்சம் போனது, சேனலை எடுத்து ஓட்டுவதற்குச் சேனல்காரர் ஆபரேட்டருக்குக் கட்டும் கேரியேஜ் கட்டணம் போகவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதிப்படி ஒரு எஸ்டி (சாதாரணத் தெளிவு) சேனலுக்கு, ஒரு இணைப்புக்கு, மாதம் 20 பைசா உச்சவரம்பு. அந்த நெட்வொர்க்கில் 5 சதவீதத்துக்குக் கீழே பேர் எடுத்தால் முழு 20 பைசா. 5 முதல் 10 சதவீதம் வரை 15 பைசா, அடுத்த 15 வரை 10 பைசா, அடுத்த 20 வரை 5 பைசா. 20 சதவீதம் தொட்டால் கட்டணமே இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து 5-க்குக் கீழே கிடந்தால் எடுத்துவிடவும் ஆபரேட்டருக்கு உரிமை உண்டு.

சதவீதம் எதை வைத்து என்பதுதான் விஷயம். நெட்வொர்க் தன் இலக்குச் சந்தை எது என்று அறிவிக்கும். 10 லட்சம் இணைப்புள்ள நெட்வொர்க் கேரளம் முழுவதையும் ஒரே சந்தையாக அறிவித்தால், நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பாதி வீடு தமிழ் பார்த்தாலும் மொத்தக் கணக்கில் 5-ஐத் தொடாது. சேனல் மாதம் 2 லட்சம் ரூபாய் கட்டவேண்டும். சின்னத் தமிழ்ச் சேனல் எங்கே கட்டும்? அதே சேனல் 8,000 இணைப்புள்ள தாலுகா அளவு ஹெட்எண்டில் அதிகபட்சம் 1,600 ரூபாயோடு நுழைந்துவிடலாம், பார்ப்பவர் 20 சதவீதம் இருந்தால் இலவசமாகவே. உங்கள் ஆபரேட்டர் யாரிடம் ஃபீட் எடுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு கேபிள் எல்லையான வாளையாறு தாண்டாது, அதை நம்பவேண்டாம். டிடிஎச் சிக்னலுக்கு எல்லை கிடையாது. எந்த ஊரில் இருந்தாலும் தமிழ் பேக் கேட்டு வாங்கலாம்.

பதில்: பில் பார்ப்பவர்

பில்லில் நெட்வொர்க் கட்டணம், சேனல் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி என்று மூன்று பங்கு. 2019 பிப்ரவரியில் நெட்வொர்க் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது. 2024-இல் அதை எடுத்துவிட்டார்கள், ஆகவே ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் மாறும். 130 வாங்குகிறார், நீங்கள் 19 ரூபாய்ச் சேனல் நாலு தனித்தனியாக எடுக்கிறீர்கள் என்று வையுங்கள்: 130-உம் 76-உம் 206, வரியோடு 243 ரூபாய் 8 காசு.

காசு வீணாவது பெரும்பாலும் இரட்டிப்பில். மலையாள பேக்கில் ஏற்கெனவே இருக்கும் கார்ட்டூனோ விளையாட்டுச் சேனலோ தமிழ் பேக்கிலும் இருக்கும். இரண்டு பட்டியலையும் அருகருகே எழுதிப் பொதுவானதை அடித்துப் பாருங்கள். மிஞ்சும் தமிழ்ச் சேனல் நாலோ ஐந்தோ என்றால் அவற்றின் தனி விலையைக் கூட்டி பேக் விலையோடு ஒப்பிடுங்கள். அதிகம் விற்கும் பொழுதுபோக்குச் சேனலுக்குத் தனி விலை உயரத்தில் வைத்து, முழு பேக்கையும் அதைவிடக் கொஞ்சமே கூட்டி விற்பது சேனல்காரர்கள் வழக்கம். சில சமயம் பேக்கே மலிவாக இருக்கும். கணக்குப் போடாமல் முடிவெடுக்காதீர்கள்.

பதில்: கணவாய்க் காற்று

ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழும் டிடி மலையாளமும் கிடைக்கும். தனியார் சேனல்கள் அதில் ஏலத்தில் இடம் பிடிப்பவை, பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். பெரிய தமிழ்க் கட்டணச் சேனல்களுக்காக அதை வாங்கவேண்டாம். இந்தி பொழுதுபோக்குக் குழுமங்கள் அதை விளம்பர வருமானத்துக்காகவே பயன்படுத்தின. 2019 மார்ச்சில் நாலு குழுமங்களின் சேனல்கள் விலகி அடுத்த ஆண்டு திரும்பி வந்தன.

வைப்பதென்றால் சாட்டிலைட் ஜிசாட் 15, 93.5 டிகிரி கிழக்கு. பாலக்காட்டிலிருந்து அது கிழக்கிலிருந்து தெற்காக 32 டிகிரி திரும்பி, 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. 60 செ.மீ. ஆஃப்செட் டிஷ் சிக்னலைச் சாய்வாக வாங்குவது, அதன் முகம் அவ்வளவு அண்ணாந்து தெரியாது, ஏறக்குறைய 42 டிகிரியில்தான் நிற்கும். அது தெரியாமல் வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு சிக்னல் இல்லை என்பார்கள். முதலில் கம்பம் ரசமட்டத்தில் செங்குத்தாக இருக்கிறதா பாருங்கள், அது சாய்ந்தால் மற்ற அளவெல்லாம் பொய். பாக்ஸில் எல்என்பி (டிஷ் முன்னால் சிக்னல் வாங்கும் கருவி) அமைப்பு 9750/10600. தேடலுக்கு அலைவரிசை 11090, போலரைசேஷன் செங்குத்து, சிம்பல் ரேட் 29500 கொடுத்து, 'குவாலிட்டி' பட்டையைப் பார்த்து மெல்லத் திருப்புங்கள். 'ஸ்ட்ரென்த்' பட்டை எந்தத் திசையிலும் ஏறும், அதை நம்பாதீர்கள்.

நம் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று டிஷ்ஷை அசைத்துவிடும். நாலு ஆங்கர் போல்ட் போட்டுக் கான்கிரீட்டில் இறுக்குங்கள், கைப்பிடிச் சுவர்ச் செங்கல்லில் வேண்டாம். எல்என்பி வாயில் ஆர்ஜி 6 வயரைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் வயரோடு ஓடி எஃப் கனெக்டருக்குள் இறங்கும். கனமழையில் கேயு பேண்ட் சிக்னல் கொஞ்ச நேரம் போவது இயல்பு, டிஷ்ஷைத் தொடாதீர்கள்.

கேட்டவர்: வேலந்தாவளம் வாசகர்

ரொம்ப நன்றிங்க. இன்னொன்று: இந்தியா ஆடும் மேட்ச் ஃப்ரீ டிஷ்ஷில் டிடியில் வரும்போது, அதே நேரம் கேபிளில் வரும் டிடியில் ஏன் வருவதில்லை?

பதில்: ஹெட்எண்ட்

2007 சட்டப்படி முக்கிய மேட்ச்களின் சிக்னலை உரிமை வாங்கிய சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுக்கவேண்டும். ஆனால் பிரசார் பாரதி அதைத் தன் தரைவழி, டிடிஎச் இரண்டில் மட்டும் காட்டலாம், கேபிளுக்கு விடக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கேபிளில் மேட்ச் வேண்டுமென்றால் அந்த விளையாட்டுச் சேனலைத் தனியாக எடுங்கள், தொடர் முடிந்ததும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.