வளாகத்தில் ஐந்து நிறக் குப்பைத் தொட்டி: சரிவருமா?

உப்புவெளிப் பிள்ளை:
திருகோணமலையில் நான் படிக்கும் வளாகத்தில் மாணவர்கள் ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் தொட்டிகள்: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கு மண்ணிறம். சேர்வதை விற்றுச் செலவைச் சமாளிக்கலாம். என்ன நினைக்கிறீர்கள்?

கன்டீன் கணக்கு:
எனக்கு உடன்பாடில்லை. திறப்பு விழாவில் படம் எடுக்கத் தொட்டி நன்றாக இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அதைத் திறந்து பாருங்கள்: பருப்பு வழியும் பார்சல், அதற்குள் சுருட்டிய மீன் முள், மேலே பாதி குடித்த சோடாப் போத்தல். குழம்பு பட்ட கடதாசியை யார் வாங்குவார்? சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தார்கள். பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு 2023 ஒக்டோபரில் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. சட்டம் எப்போதோ வந்துவிட்டது, பார்சல் மட்டும் போகவில்லை. முதலில் கன்டீனில் கோப்பையில் சோறு போடட்டும்.

உப்புவெளிப் பிள்ளை:
அண்ணை, கோப்பையை யார் கழுவுவது? வெயில் காலத்தில் ஹொஸ்டல் குழாயே இருமுகிறது.

மூன்றாம் வருடம்:
சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வந்தால் 20 ரூபாய் குறைப்போம் என்று சொல்லட்டும். நாளைக்கே கொண்டு வருவேன்.

உவர்மலை அக்கா:
இரண்டு பேரும் பச்சைத் தொட்டியை மறந்துவிட்டீர்கள். கன்டீன் குப்பையில் பாரமானது மிச்சச் சோறும் மரக்கறித் தோலும்தான். அதைத் தனியே குவித்தால் அழுகி நாறும். ஒரு வாளி சோற்றுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு போட்டு, கிழமைக்கு ஒருக்கால் புரட்டினால் கூட்டுப்பசளை. வளாகத்தில் சருகுக்கா பஞ்சம்? கூட்டிக் கூட்டி எரிக்கிறார்கள்! மீன் முள்ளை மட்டும் சேர்க்காதீர்கள், நாய் கிளறும். வேலியும் வேண்டும். கோட்டைப் பக்கத்து மான்கள் குப்பையோடு பொலித்தீனையும் மெல்வதைப் பார்த்த ஊர் இது. கடதாசிக்குக் கூரை போடுங்கள், ஒக்டோபரில் மாரி தொடங்கினால் நீலத் தொட்டியில் கூழ்தான் இருக்கும்.

கன்டீன் கணக்கு:
அக்கா சொல்வது சரி. ஆனால் புரட்டுவது யார்? சோதனை முடிந்தால் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், குவியல் விடுமுறை எடுக்காது. சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அந்தச் செலவு உங்கள் திட்டத்தில் இல்லை. தொட்டி வாங்கும் காசை அதற்கு ஒதுக்குங்கள்.

உப்புவெளிப் பிள்ளை:
ஆள் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். வாங்குவதற்கு முன் ஒரு கிழமை கன்டீன் பின்னால் தராசு வைத்து, எது எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்போம். ஆனால் போத்தல் தொட்டியை விடமாட்டேன். சோடா, தண்ணீர் வரும் பெட் (PET) பிளாஸ்டிக் போத்தல் சுத்தமாக இருந்தால் வாங்க ஆள் இருக்கிறது. மூடி வேறு பிளாஸ்டிக், கழற்றிச் சேர்த்தால் நல்லது. வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், பெட் தாழும், மூடி மிதக்கும்.

கன்டீன் கணக்கு:
வையுங்கள் தம்பி. தொட்டியின் மூடியில் போத்தல் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் பார்சலும் அதற்குள்தான் போகும்.