கூண்டுக் குப்பையை நேராகப் பாத்தியில் கொட்டாதே

சனிக்கிழமை

தம்பி (காலை 7:10): எல்லாருக்கும் காலை வணக்கம். பாத்தி மேல் கிடந்த பனி நேற்றோடு முழுதும் உருகிவிட்டது. இன்று கோழிக்கூண்டைச் சுத்தம் செய்து, குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த குப்பையை வாரிப் பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டு, மாலைக்குள் கேரட்டும் பாலக்கீரையும் விதைத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஆறு கோழி நாலு மாதம் போட்ட எரு, வீணாகப் போகக் கூடாது.

பெரியக்கா: டேய் இரு. கொட்டிவிட்டாயா?

தம்பி: இன்னும் இல்லை அக்கா. தள்ளுவண்டி நிறைய வாரி வைத்திருக்கிறேன்.

பெரியக்கா: வண்டி அப்படியே நிற்கட்டும், பாத்திப் பக்கம் தள்ளாதே. போன வருடம் நான் இதையேதான் செய்தேன். எட்டு வாரம் ஜன்னலோரம் வைத்து, தினம் திருப்பித் திருப்பி வெயில் காட்டி வளர்த்த இருபது தக்காளி நாற்று. நட்ட ஐந்தாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது. தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றினேன், இன்னும் மோசமானது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் நுனி தேயிலைத் தூள் நிறத்தில் கருகிக் கிடந்தது. பதினேழு செடி போச்சு. உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் கூடச் சொல்லவில்லை.

தம்பி: ஐயோ. நோய் வந்து போனது என்றுதானே சொன்னாய்.

பெரியக்கா: நோய் இல்லை, நான் கொட்டிய பச்சை எரு. மாட்டுச் சாணத்தை விடக் கோழி எச்சத்தில் தழைச்சத்து மிக அதிகம். அது மக்காமல் மண்ணுக்குள் போனால் அம்மோனியா கிளம்பி இளம் வேரைச் சுட்டுவிடும்.

சித்தி: இப்போதுதான் பார்க்கிறேன். வேர் கருகுவது ஒரு பக்கம், கிருமி இன்னொரு பக்கம். கோழி எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம், கோழி நோயில்லாமல் திரிந்தாலும் இருக்கலாம். பச்சை எரு போட்டால் மண்ணைத் தொடுகிற காய்க்கும் கீரைக்கும் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி விட வேண்டும், மண்ணில் படாமல் மேலே காய்ப்பதற்கு 90 நாள். நீ விதைக்கப் போகிற கேரட் இரண்டரை மாதத்தில் பிடுங்கத் தயாராகிவிடும், கீரை ஒன்றரை மாதம்தான். கணக்கு எங்கே ஒத்துவருகிறது?

தம்பி: ஒத்துவரவில்லை சித்தி. அப்போ இவ்வளவையும் என்ன செய்ய?

மாமா: மாப்பிள்ளை, தூக்கிப் போட வேண்டாம், மக்க வை. கீழே என்ன பரப்பியிருந்தாய்?

தம்பி: மரச்சீவல் மாமா. வாரும்போது கண் எரிகிறது.

மாமா: கண் எரிந்தால் எச்சம் கூடுதல், சீவல் குறைவு என்று அர்த்தம். காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டைப்பெட்டி எது இருந்தாலும் சேர். ஒரு கூடை குப்பைக்கு இரண்டு கூடை காய்ந்த இலை என்று ஆரம்பி, அப்புறமும் நெடி அடித்தால் இன்னொரு கூடை. நெடி நிற்கிற வரைக்கும் சேர்ப்பதுதான் என் கணக்கு. குவியல் மூன்று அடிக்கு மூன்று அடி, உயரமும் மூன்று அடியாவது வேண்டும், சின்னதாக வைத்தால் சூடே ஏறாது. ஈரம் பிழிந்த துணி போல இருக்க வேண்டும், கையில் அழுத்தினால் ஒரு சொட்டு இரண்டு சொட்டுக்கு மேல் வரக் கூடாது.

மாமா: அப்புறம் நடுவில் வெப்பமானி செருகிப் பார். 55 டிகிரிக்கு மேல் போய் நிற்க வேண்டும், அதில்தான் கிருமியும் களை விதையும் சாகும். 70ஐத் தொட விடாதே, மக்கச் செய்கிற நுண்ணுயிரும் செத்துவிடும். சூடு இறங்க இறங்கக் கிளறு, ஓரத்தில் இருப்பது உள்ளே போக வேண்டும். கிளறியும் சூடு ஏறாத நிலை வந்த பிறகு சில மாதம் சும்மா கிடக்கட்டும். இலையுதிர் காலத்தில் பாத்திக்குப் போடலாம்.

தம்பி: இந்த வருடப் பயிருக்கு ஆகாதா?

பெரியக்கா: ஆகாது. மனசு கேட்காது, தெரியும், எனக்கும் கேட்கவில்லை. போன வருடம் நான் மக்க வைத்தது இப்போது கறுப்பாகப் பொலபொலவென்று மண்வாசனையோடு இருக்கிறது, நாலு சாக்கு தருகிறேன், வந்து எடுத்துப் போ.

தம்பி: நன்றி அக்கா. நாளைக்கே வருகிறேன். சரி, இன்று பாத்தியையாவது கொத்தி வைக்கட்டுமா?

பெரியக்கா: முதலில் ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, கட்டை விரலால் குத்திப் பார்.

தம்பி: (புகைப்படம்) குத்தினேன். களிமண் உருண்டை மாதிரி அப்படியே அமுங்குகிறது, உடையவில்லை, விரலில் பளபளவென்று ஒட்டுகிறது.

பெரியக்கா: கொத்தாதே. மேலே ஏறி மிதிக்கவும் மிதிக்காதே. இந்த ஈரத்தில் கொத்தினால் கட்டி கட்டியாகக் காய்ந்து கோடை முழுக்கச் செங்கல் மாதிரி கிடக்கும். உருண்டை உதிர்கிற அன்றைக்குக் கொத்து. ஒரு வாரமோ பத்து நாளோ, மழையைப் பொறுத்தது.

சித்தி: அதுவரைக்கும் கூண்டை முடி. வசந்தம் பிறந்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது கூண்டுதான், தோட்டம் இரண்டாவது. கோழி அடைகிற கம்பை எல்லாம் கழற்றினாயா?

தம்பி: இல்லை சித்தி, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?

சித்தி: கழற்றிப் பார். இரண்டு முனையும் சுவரில் செருகுகிற இடத்தைப் பார்.

தம்பி (காலை 9:42): (புகைப்படம்) சித்தி இது என்ன? பள்ளத்துக்குள் உப்பும் மிளகும் கொட்டியது போல் சாம்பல் தூள் படிந்திருக்கிறது, அது நகர்கிறது. வெள்ளைக் காகிதத்தை வைத்துத் தேய்த்தேன், ரத்தக் கோடு விழுந்தது.

சித்தி: செள்ளு. நினைத்தேன். பகலில் இடுக்கில் பதுங்கி இருக்கும், ராத்திரி கோழி அடைந்த பிறகு ஏறி ரத்தம் குடிக்கும், குடித்த பிறகுதான் சிவப்பாகும். அதனால்தான் பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கொண்டை வெளுத்திருக்கிறதா?

தம்பி: ஒரு கோழிக்கு வெளுத்துத்தான் இருக்கிறது. நான் குளிரால் என்று நினைத்தேன். சாயங்காலம் கூண்டுக்குள் போகவே மாட்டேன் என்று வாசலில் நிற்கும்.

சித்தி: பாவம், அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இன்றைக்குக் கண்டது நல்லது. குளிரில் இது மெதுவாகத்தான் பெருகும், வெயில் ஏறிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை. கம்புகளை வெளியே போட்டு இடுக்கெல்லாம் கத்தியால் சுரண்டி, கொதிக்கிற தண்ணீர் ஊற்று. கூண்டு மூலை, முட்டைப் பெட்டி, ஆணித் துளை எதையும் விடாதே. நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுச் சீவல். இன்றிலிருந்து ஆறாம் நாள் மறுபடி ஊற்ற வேண்டும், செள்ளு முட்டை பொரித்து வரும். கூண்டு சும்மா கிடந்தால் செத்துவிடும் என்று விட்டுவிடாதே, ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மாமா: காய்ந்த மண்ணும் மரச்சாம்பலும் கலந்து ஒரு தொட்டியில் வை மாப்பிள்ளை, மழை படாத இடமாக. அதில் புரண்டு எழுந்தால் இறகில் ஒட்டியிருப்பது உதிரும்.

தம்பி: சரி மாமா. இன்னொரு சந்தேகம். கோழிகளைத் தோட்டத்தில் விட்டுக் களையையும் நத்தையையும் பொறுக்க விடலாமா? பாத்தி காலியாகத்தானே கிடக்கிறது.

சித்தி: தக்காளி வைக்கப் போகிற பாத்தியில் விடு, அது நடவே இரண்டு மாதம் ஆகும், காய்க்க இன்னும் இரண்டு மாதம். கேரட், கீரைப் பாத்தியில் இப்போது வேண்டாம், அங்கேயும் எச்சம் போடும்தானே, அந்த 120 நாள் அதற்கும் உண்டு. அங்கெல்லாம் இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்ததும் விட வேண்டும்.

பெரியக்கா: விதைப்பதற்கு முன்பே வலை கட்டிவிடு, இடுப்பு உயரத்துக்குக் குறையக் கூடாது. கொத்திய மண்ணைக் கண்டால் கோழிக்குக் கால் நிற்காது, ஒரு பாத்தி விதையைக் கிளறப் பத்து நிமிஷம் போதும். கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை என்றால் தக்காளி விதையைத் தட்டில் போடு, கடைசி உறைபனிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால் போட வேண்டும், உனக்கு இதுதான் நேரம். பட்டாணி குளிர் தாங்கும், மண் 5 டிகிரி வந்தாலே முளைக்கும், அதனால் மண் உதிர்ந்ததும் முதல் விதை பட்டாணி.

புதன்கிழமை

தம்பி (காலை 6:55): (புகைப்படம்) மாமா! 58 டிகிரி! வெளியே புல் மேல் உறைபனி, குவியல் உச்சியில் ஆவி போகிறது. கையை உள்ளே விட்டேன், வைத்திருக்க முடியவில்லை. நெடியும் இல்லை, மூன்றாவது கூடை இலை போட்டதும் நின்றுவிட்டது.

மாமா: அருமை மாப்பிள்ளை. இறங்க ஆரம்பிக்கிற வரை தொடாதே.

சித்தி: செள்ளு?

தம்பி: ராத்திரி டார்ச் அடித்துக் கம்புக்கு அடியில் வெள்ளைத் துணியால் துடைத்தேன் சித்தி. இரண்டே இரண்டு புள்ளிதான் வந்தது. அந்த வெளுத்த கோழி நேற்று தானாக உள்ளே ஏறி அடைந்தது.

சித்தி: ஏறிவிட்டதா! போதும் எனக்கு. வெள்ளிக்கிழமை மறுபடி கொதிதண்ணீர், இரண்டு புள்ளிதானே என்று விட்டுவிடாதே.

பெரியக்கா: வெள்ளிக்கிழமை நான் வருகிறேன், சேர்ந்து செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்காமல் விட்ட நாலாவது சாக்கையும் கொண்டு வருகிறேன். மண் உருண்டை என்ன சொல்கிறது?

தம்பி: ஓரத்துப் பாத்தி உதிர்கிறது அக்கா. நடுப் பாத்தி இன்னும் ஒட்டுகிறது.

பெரியக்கா: அப்போ ஓரத்தில் பட்டாணி. விதையை ராத்திரியே ஊறப் போட்டு வை.