சித்திரையில் மதுரைக்குப் போகிறவர்களுக்கு: அங்கே சந்தித்தவர்கள் சொல்லித் தந்தது

சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாளைத்தான் குறித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஒன்று மீனாட்சி திருக்கல்யாணம், இன்னொன்று மீனாட்சியின் அண்ணனாகக் கொண்டாடப்படும் அழகர்கோயில் பெருமாள், அழகர், வைகை ஆற்றில் இறங்கும் நாள். எங்கள் திட்டமும் அதுதான். ஆனால் எங்கே நிற்பது, எப்போது நகர்வது, எதைத் தவறவிடக் கூடாது என்பதையெல்லாம் எனக்கும் அம்மாவுக்கும் சொன்னவர்கள் மதுரையில் தெருவில் சந்தித்த மனிதர்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு நாங்கள் இன்னும் சில நாள் தங்கினோம். இந்தத் திருவிழாவின் பாதி அழகு அந்தக் கடைசி நாட்களில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் திருக்கல்யாணம். கோயிலுக்குள் வடக்கு ஆடி வீதியும் மேற்கு ஆடி வீதியும் சந்திக்கும் இடத்தில் மண்டபம். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் சித்திரை வீதிகளில் நின்று பெரிய திரைகளில் பார்க்கலாம். நாங்கள் வெளியேதான் நின்றோம். உள்ளே போக நினைப்பவர்கள் கைப்பேசியை விட்டுவிட்டுப் போங்கள். 2018-இல் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் அதற்கு அனுமதி இல்லை.

திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வந்து சேர்ந்த செய்தி ஒலிபெருக்கியில் கேட்டது. பக்கத்தில் நின்ற ஓர் அக்கா அம்மாவைப் பார்த்து, "கயிறு கொண்டாந்திருக்கீகளா?" என்று கேட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து அம்மா கையில் வைத்தார். "அம்மனுக்குத் தாலி ஏறுற நேரத்துல நாமளும் மாத்திக்கணும்" என்றார். மங்கல நாண் பூட்டும் நேரம் வந்ததும் அந்தத் தெருவில் நின்ற பெண்கள் எல்லாரும் புதுக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் பெரியவர்கள் முன்னால் செய்யும் ஒரு காரியத்தை இத்தனை பேர் வெயிலில், நடுத்தெருவில், ஒருவருக்கொருவர் முடிச்சுப் போட உதவிக்கொண்டு செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அம்மா அழுதுவிட்டார். கயிறு கொடுத்த அக்காவிடம் பேர் கேட்கத் திரும்பினால், அவர் கூட்டத்தில் எங்கோ நகர்ந்திருந்தார்.

அப்புறம் கல்யாணச் சாப்பாடு. சேதுபதி பள்ளியில் விருந்து நடக்கிறது. பந்தி பரிமாறிய பெரியவர், "பொண்ணு வீட்டுக்காரங்க நீங்களே கூச்சப்பட்டா எப்படி?" என்று சொல்லிச் சொல்லி இலையை நிரப்பினார். மொய் எழுதும் வழக்கமும் உண்டு. ஊரே பெண் வீடாக மாறும் நாள் அது. வெளியூர்க்காரர்களையும் அதே கணக்கில்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் தேரோட்டம். கீழ மாசி வீதித் தேரடியில் காலையிலேயே போய் நின்றோம். பெரிய தேரில் பிரியாவிடை அம்மனோடு சுந்தரேசுவரர், சின்னத் தேரில் மீனாட்சி. சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று அங்கிருந்த கடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். கடை வாசலில் முக்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டு விளக்கினார். திருக்கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில்தான் நடந்தனவாம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி, அதுவரை தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரையும் மதுரைக்கு வரவைத்து, இரண்டு விழாவையும் ஒன்றாக்கினார் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் வரலாறு. மாதம் மாறினாலும் தெருப் பெயரும் தேரின் தடமும் மாறவில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலிலிருந்து வெளிநோக்கி அடுக்கடுக்காகப் போகும் தெருக்கள், விழா நாளில்தான் எதற்காகப் போடப்பட்டன என்று காலுக்கே தெரிகிறது. வெறும் நாளில் அவை ஜவுளிக்கடை வீதிகள்தான்.

இப்போது அழகர். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நண்பர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான்.

அழகர்கோயிலிலிருந்து மதுரை சுமார் 21 கிலோமீட்டர். கள்ளர் திருக்கோலத்தில் கிளம்பி வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில், அதாவது சாமி நின்று பூசை ஏற்கும் மண்டபங்களிலும் பந்தல்களிலும், நின்று நின்று வருகிறார். மூன்றுமாவடியில் மதுரைக்காரர்கள் அவரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை. அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்துகொண்டு, சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக்குதிரையில் வைகைக்கு வருகிறார்.

ஆற்றில் இறங்கும் இடத்துக்கு அருகிலேயே நின்றுவிட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். முந்தின மாலை கோரிப்பாளையம் பக்கம் ஓரமாக ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தோடு பேச்சுக் கொடுத்தேன். மானாமதுரைப் பக்கத்துக் கிராமம். அவர்கள் வீட்டு அப்பத்தா சின்ன வயதில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து ஆற்று மணலிலேயே சமைத்துத் தங்கியவராம். என் திட்டத்தைக் கேட்டதும் அவர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். "நீ எதுக்குத் தாயி ஓடுற? அவருதான நம்மளத் தேடி வாராரு. ஒரு மண்டகப்படியப் பாத்து உக்காரு. உன் மூஞ்சிக்கு நேரா வந்து நிப்பாரு."

வயதானவரை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. 2022-இல் இதே ஆற்றுக்குள் ஏற்பட்ட நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். கரை சரிவு, விடியலுக்கு முந்தின இருட்டு, போதாததற்கு அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேறும். குழந்தையோடு அந்த இடத்துக்குள் முண்டியடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தக் குடும்பத்தோடே நாங்கள் தல்லாகுளத்திலிருந்து வரும் வழியில் ஒரு மண்டகப்படிக்கு எதிரில் இரவைக் கழித்தோம். சர்க்கரைச் சொம்பின் வாயை வாழையிலையால் மூடிச் சூடம் ஏற்ற அப்பத்தா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்பதுதான் விடிய விடியப் பேச்சு. பச்சை என்றால் விளைச்சல் செழிக்கும் என்று நம்பிக்கை. திடீரென்று தெருவின் அந்த முனையிலிருந்து "பச்சை, பச்சை" என்று சத்தம் ஓடி வந்தது. அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருசம் பொழைச்சுக்கிருவோம்" என்று மகனிடம் சொன்னார். அவர்களுடையது வானம் பார்த்த பூமி. அந்த நிறம் அவர்களுக்கு என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரத்தில் "கோவிந்தா" என்ற கூச்சலோடு குதிரை வந்து, அவர் சொன்னபடியே எங்களுக்கு நேர் எதிரில் நின்றது.

பகலில் ராமராயர் மண்டபம் போனோம். சல்லடம் கட்டி, தலையில் உருமாலோடு இளைஞர்கள் தோல் பையில் தண்ணீர் நிரப்பி அழகர்மேல் பீய்ச்சுகிறார்கள். தோப்பரை என்ற அந்தத் தோல் பையை வைத்திருந்த தம்பி ஒருவர், தன் தாத்தா வைத்திருந்த வேண்டுதலைத் தான் தொடர்வதாகவும், விரதம் இருந்துதான் இதைத் தொடுவதாகவும் சொன்னார். வெயிலில் இவ்வளவு தூரம் வந்த சாமிக்குச் சூடு தணிய வேண்டாமா என்று அவர் கேட்டதில் பாசம் மட்டும்தான் இருந்தது. விசைப்பம்பு வைத்து அடிப்பவர்களைப் பற்றி அவருக்கு வருத்தம். எனக்கும்தான். சிலைக்கும் பட்டருக்கும் கூட்டத்துக்கும் அது ஆகாது.

பெரும்பாலான வெளியூர்க்காரர்கள் இதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். தங்கையின் கல்யாணம் முடிந்துவிட்டதே என்று கோபித்துக்கொண்டு அழகர் வண்டியூர்ப் பக்கம் திரும்புவதாகத்தான் மக்கள் கதை. அந்த இரவு வண்டியூர். அடுத்த நாள் தேனூர் மண்டபத்தில், துர்வாசரின் சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு விமோசனம். அன்றிரவு மறுபடியும் ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம். முத்து அங்கி அணிந்த முத்தங்கிக் கோலம், மச்சம், கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன் என்று ஒரு கோலம் கலைந்து அடுத்தது வரும்வரை ஜனங்கள் தரையில் படுத்துத் தூங்கி, திரை விலகும்போது ஒருவரையொருவர் எழுப்பிக்கொள்கிறார்கள். எங்களை எழுப்பியது யாரென்றே தெரியாத ஒரு பாட்டி. ஆற்றில் இறங்கும் காட்சியைவிட எனக்கு இந்த இரவுதான் பெரிது.

பூப்பல்லக்கையும் விட்டுவிடாதீர்கள். தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து அழகர் ஊருக்குத் திரும்பக் கிளம்பும் காட்சி அது. அந்த நேரத்தில் கூட்டம் குறைந்து உள்ளூர்க்காரர்கள்தான் மிச்சம் இருப்பார்கள், நிம்மதியாகப் பார்க்கலாம்.

தங்குவதற்குக் கோயில் பக்கம் அறை தேடி அலையாதீர்கள். அந்த வாரம் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள், வண்டியும் உள்ளே வராது. மாட்டுத்தாவணிப் பக்கமோ புதூர்ப் பக்கமோ தங்கினால் அழகர் வரும் வழிக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள். தண்ணீர், மோர், பானகத்துக்குக் குறைவில்லை, பத்தடிக்கு ஒரு பந்தல். வயதானவர்களுக்குத் தொப்பியும் உட்கார ஒரு துண்டும் கட்டாயம்.

அழகர்கோயிலிலிருந்து கூடவே நடந்து வந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கள்ளந்திரி, அப்பன் திருப்பதி வழியில் இரவு எங்கே தங்கினீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த சித்திரைக்கு அந்த வழியில் நடக்க அம்மா இப்போதே தயாராகிவிட்டார்.