தண்டர்பேர்டைத் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை: ஒப்புதல் கொடுக்கலாமா?

குலசேகரம் கணக்கர்:
குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். கோட்டயத்து வியாபாரிகளின் ஆர்டர்கள் கடையின் சொந்த டொமைன் முகவரிக்கே வருகின்றன. நேற்று முதல் மெயில் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டைத் திறந்தவுடன், மெயில் சர்வரின் சான்றிதழை (அது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் அடையாளத்தை) நம்ப இயலாது என்று ஒரு பெட்டி தோன்றுகிறது. அப்படியும் ஏற்பதற்கான விதிவிலக்கை உறுதிசெய்யும் பொத்தானும், அதை நிரந்தரமாகச் சேமிக்கும் கட்டமும் அதிலேயே உள்ளன. முதலாளி அழுத்திவிடச் சொல்கிறார். வங்கிக் கடிதங்களும் அதே முகவரிக்கு வருவதால் எனக்குத் தயக்கமாக உள்ளது.

வடசேரி சர்வீஸ் கடை:
அழுத்த வேண்டாம் ஐயா. அழுத்தினால், எதிர்முனையில் இருப்பது யாராக இருந்தாலும் உங்கள் பாஸ்வேர்டு அங்கே போய்ச் சேரும். முதலில் பெட்டியில் எழுதியிருக்கும் காரணத்தைப் படியுங்கள். காலம் பொருந்தவில்லை என்றிருந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள்; இடிமழைக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கி வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு, அந்நேரம் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரியும் தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய், நல்ல சான்றிதழ்கூடச் செல்லாததாகத் தோன்றும். பெயர் பொருந்தவில்லை என்றிருந்தால், மெயில் சர்வரை நடத்தும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சரியான சர்வர் பெயரைக் கேட்டு அமைப்பில் மாற்ற வேண்டும். வழங்கியவரை அறியவில்லை என்றிருந்தால், சான்றிதழைத் திறந்து அங்கே யார் பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள். கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே மெயிலைத் திறந்தும் பாருங்கள்.

குலசேகரம் கணக்கர்:
தேதி சரியாக உள்ளது. கைபேசியில் எச்சரிக்கை இல்லை. வழங்கியவர் என்ற இடத்தில் எங்கள் ஆன்டிவைரஸின் பெயர் இருக்கிறது. அது இந்த வாரம்தான் புதுப்பிக்கப்பட்டது.

தக்கலை கணினி ஆசிரியை:
அப்படியானால் காரணம் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. மெயிலை இறக்கும் ஐமேப் முறையின் 993 போர்ட்டில் வரும் மெயில், வழியில் யாரும் படிக்காதபடி மறையாக்கப்பட்டிருப்பதால், அதைச் சோதிக்க விரும்பும் ஆன்டிவைரஸ் நடுவில் நின்று பிரித்துப் பார்த்துவிட்டு, தன் சொந்தச் சான்றிதழை ஒட்டி உள்ளே அனுப்புகிறது. அதன் மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி தரும் அடிப்படைச் சான்றிதழ்) விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்ந்திருக்கலாம். ஆனால் தண்டர்பேர்ட் தனக்கென வேறொரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் அது இல்லாததால்தான் இந்தத் தடை. ஆன்டிவைரஸ் அமைப்பில் மெயில் ஸ்கேன் பகுதிக்குச் சென்று, மறையாக்கப்பட்ட இணைப்புகளைச் சோதிப்பதை மட்டும் நிறுத்துங்கள். மெயிலோடு வரும் கோப்பு டிஸ்கில் இறங்கும்போது அது எப்படியும் சோதிக்கப்படும். ஆகவே ஆன்டிவைரஸையே நீக்க வேண்டியதில்லை.

வடசேரி சர்வீஸ் கடை:
அந்த மூலச் சான்றிதழைத் தண்டர்பேர்டில் சேர்ப்பதும் ஒரு வழிதான், ஆனால் அடுத்த புதுப்பிப்பில் அது மாறினால் மறுபடியும் இதே கதை. ஆசிரியை சொன்னதே நல்லது. இன்னொன்று: எச்சரிக்கைப் பெட்டியில் தொலைபேசி எண் கொடுத்து அழைக்கச் சொன்னால் அது மோசடி, உண்மையான சான்றிதழ் எச்சரிக்கையில் எண் இருக்காது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

குலசேகரம் கணக்கர்:
நிறுத்திவிட்டுத் திறந்தேன். பெட்டி வரவில்லை, தேங்கிய ஆர்டர்களும் இறங்கிவிட்டன. ஆனால் நான் இல்லாத நேரத்தில் முதலாளி ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

தக்கலை கணினி ஆசிரியை:
தண்டர்பேர்ட் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதியில் சான்றிதழ்களை நிர்வகிக்கும் இடம் உள்ளது. அங்கே சர்வர்கள் என்ற பிரிவில் உங்கள் மெயில் சர்வரின் பெயர் இருந்தால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். நடுவில் நின்றது உங்கள் ஆன்டிவைரஸ்தான் என்பதால் பாஸ்வேர்டை மாற்றும் அவசியம் இல்லை.