ஊர் ஊராகப் போகிறவர்களுக்குக் காசநோய் மாத்திரை தொடர்ந்து கிடைக்க என்ன வழி?

கேள்வி: கண்மாய்க்கரை ஆசிரியை

மதுரைக்குக் கிழக்கே உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பள்ளிக்குப் பின்புறம் கண்மாய்க் கரையை ஒட்டி நாற்பது நரிக்குறவர் குடும்பங்கள் வசிக்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் ஐந்து பேர் என் வகுப்பில் படிக்கிறார்கள். அவர்களுள் ஒரு சிறுமியின் தாய்க்குக் காசநோய் இருப்பது மார்கழி மாதம் சளிப் பரிசோதனையில் தெரிய வந்தது. ஒரு மாதம் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டார். பிறகு தைப்பூசத்துக்குப் பாசிமணி விற்பதற்காகக் குடும்பத்தோடு பழனிக்குச் சென்றவர், வேறு சில ஊர்களுக்கும் போய்விட்டு மாசி இறுதியில்தான் திரும்பினார். கையிலிருந்த மாத்திரை பயணத்தின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டதால் ஏறத்தாழ நாற்பது நாள் மருந்தில்லாமல் கழிந்திருக்கிறது. இப்போது மீண்டும் இருமலும் மாலைக் காய்ச்சலும் தொடங்கியிருக்கின்றன.

வழியில் ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். ஓர் ஊரில் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். "உன் பெயர் மதுரையில் பதிந்திருக்கிறது, அங்கேயே போய் வாங்கிக்கொள்" என்று அனுப்பிவிட்டார்களாம். மற்றவர்கள் பெஞ்சில் அமர்ந்திருந்தபோது இவரை மட்டும் படிக்குக் கீழே நிற்கச் சொன்னதாகவும், தன் மகன் வயதுள்ள ஒருவர் "ஏய்" என்று கூப்பிட்டதாகவும் சொன்னார். "இனி எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏற மாட்டேன், டீச்சர்" என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் பழைய மாத்திரைகள் சில மீதமிருக்கின்றன, அவற்றை உடனே தொடங்கலாமா? பங்குனி உத்திரத்துக்கு மறுபடி புறப்படுவார்கள். அதைத் தடுக்க என்னால் முடியாது, தடுத்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படியானால் மாத்திரை எப்படித் தொடரும்? அந்த வீட்டில் ஐந்து வயது நிரம்பாத ஆண் குழந்தை ஒன்றும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: தோப்பூர்க்காரர்

அம்மா, பழைய மாத்திரையைக் கொடுத்து நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். ஒரு மாதமோ அதற்கு மேலோ மருந்து விட்டுப்போயிருந்தால், சளியை மீண்டும் பரிசோதித்து, கிருமி ரிஃபாம்பிசின் மருந்துக்கு இன்னும் கட்டுப்படுகிறதா, எதிர்ப்புப் பெற்றுவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்வார். ட்ரூநாட், சிபிநாட் என்னும் கருவிகள் இதைச் சில மணி நேரத்தில் காட்டிவிடும். அரசு மையங்களில் கட்டணம் கிடையாது. எதிர்ப்பு இல்லையென்றால் பெரும்பாலும் ஆறு மாதச் சிகிச்சை முதலிலிருந்து தொடங்கும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். உடல் எடைக்கு ஏற்ற எண்ணிக்கையில் அன்றாடம் உட்கொள்ள வேண்டும்.

நான் காசநோய்ப் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அந்த ஊரில் அவருக்குச் சொல்லப்பட்ட பதில் தவறானது. நோயாளியின் விவரம் நிக்‌ஷய் என்னும் இணையப் பதிவில் ஒரு எண்ணோடு ஏற்றப்பட்டிருக்கும். நாட்டின் எந்த அரசு மையத்திலும் அந்த எண்ணைக் காட்டி மருந்து கேட்கலாம், சிகிச்சையை அங்கே மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மழையில் நனைந்துவிடும். துணிப்பையின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். அவருடைய கணவரின் கைப்பேசியிலும் மகளின் நோட்டிலும்கூட அது இருக்கட்டும். பயணம் போவது முன்கூட்டியே தெரிந்தால், சிகிச்சை மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பயண நாள்களுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

வழக்கமாக யாரும் சொல்லாமல் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. ரிஃபாம்பிசின் தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதை இரத்தம் என்று எண்ணி அஞ்சி மாத்திரையை நிறுத்தியவர்கள் பலரை என் பணிக்காலத்தில் பார்த்தேன். அவருக்கு இதை முன்னதாகவே விளக்கிவிடுங்கள்.

அவருடைய எடையைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, கடுமையான எடைக் குறைவு, மூச்சிரைப்பு, துணையின்றி எழுந்து நிற்க இயலாமை ஆகியவை இருக்கின்றனவா என்று தொடக்கத்திலேயே பார்த்து, இருந்தால் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்கள். உணவுக்காக 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு இல்லையென்றால், எழுத்தில் ஒப்புதல் கொடுத்து நெருங்கிய உறவினர் கணக்கில் பெறலாம். இது வெறும் உதவித்தொகை அன்று, மருந்தில் ஒரு பாதி. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது.

வீட்டிலுள்ள அனைவரையும் பரிசோதிக்க வேண்டும். அந்தச் சிறு குழந்தைக்கு நோய் இல்லையென்றால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள்.

பதில்: கீழவாசல் வணிகர்

ஆசிரியை அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். பரிசோதனை, மருந்து எல்லாமே இலவசம், அதற்கு மேல் உணவுக்குப் பணமும் வருகிறது. இவ்வளவு இருந்தும் மாத்திரையை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சென்றால், பேருந்தில் பக்கத்தில் அமர்பவருக்கும் உங்கள் வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் யார் பொறுப்பு? என் தம்பி மகனுக்கு இந்த நோய் வந்து ஆறு மாதம் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவன் நான். ஆறு மாதம் ஓரிடத்தில் தங்கச் சொல்வது அவர்களுடைய நன்மைக்கும்தானே? முகாம் போல் ஓரிடம் அமைத்து, குணமாகும் வரை அங்கேயே வைத்திருந்து சோறு போட்டால் என்ன?

பதில்: தோப்பூர்க்காரர்

உங்கள் தம்பி மகன் நலமாகிவிட்டார் என்று நம்புகிறேன், ஐயா. நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடை தேடியது நம் தமிழ்நாடுதான். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்க வைத்து ஓய்வும் நல்ல உணவும் மருந்தும் கொடுத்தார்கள். மற்றொரு பகுதியினருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே மருந்து மட்டும் கொடுத்தார்கள். இரு பகுதியினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் அந்த முடிவு வெளியான பின்னர்தான் உலகெங்கும் நோயாளிகளை அடைத்து வைக்கும் வழக்கம் மெல்ல மெல்ல ஒழிந்தது. மருந்து சரியாகத் தொடங்கிவிட்டால் இரண்டு வாரம் போல் கழிந்ததும் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பிள்ளைகளைக் காப்பது மாத்திரைதான். ஆகையால் அந்தத் தாய் எந்த ஊரில் இருந்தாலும் மாத்திரை அவர் கையில் இருக்க வேண்டும்.

அந்த ஆய்வு, நோயாளிக்கு வீடே போதும் என்று காட்டியது. வீடு என்பது ஒரே இடத்தில் இருப்பது என்று எண்ணித்தான் அதன் பிறகு எல்லா ஏற்பாடுகளையும் செய்தோம். என் பணிக்காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று முறை வீட்டுக்குப் போய் ஆள் இல்லையென்றால் பதிவேட்டில் "சிகிச்சையைக் கைவிட்டவர்" என்று எழுதினேன். அவர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுத அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை.

பதில்: செவிலியர் படிப்பு மாணவி

நான் நரிக்குறவர் குடும்பத்தில் பிறந்தவள், இப்போது செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு. ஐயா, முகாமில் வைத்துச் சோறு போடலாம் என்றீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள் என்பது புரிகிறது. ஆனால் எங்கள் வீடுகளில் ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் விற்கப் போக வேண்டும். பிள்ளையை விட்டுச் செல்ல ஆள் இல்லாததால் எல்லாரும் சேர்ந்தே போகிறோம். தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசி விசாகம், ஆடி அமாவாசை, ஆவணியில் வேளாங்கண்ணி, கார்த்திகையில் ஐயப்பப் பக்தர்கள் என்று வருகிற கூட்டம்தான் எங்கள் வருமானம். எந்த நாளில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் எங்களைப் பார்க்கலாம் என்பது பல்லாண்டுகளாக மாறாத ஒன்று. நாங்கள் எங்கே போவோம் என்று தெரியாது என்கிறார்கள். எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

என் பாட்டிக்கு இரத்தக் கொதிப்பு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு மாத்திரை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது, அதைத் தந்த அக்காவும் அன்பானவர். ஆனால் அவர் வந்த நாள்களில் பாதிக்கு மேல் பாட்டி இராமேசுவரத்தில் இருந்தார்.

எங்கள் பெரியவர்கள் வீட்டில் வாக்ரிபோலி பேசுகிறார்கள். அது எழுத்தில்லாத மொழி. தமிழ் பேசுவார்கள் என்றாலும், மருத்துவர் விரைவாகச் சொல்லும் தமிழில் பாதி அவர்களுக்குப் பிடிபடாது. புரியவில்லை என்று சொன்னால் திட்டு விழும் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பழங்குடியினர் பட்டியலில் எங்களைச் சேர்க்கலாம் என்று மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965-இல் பரிந்துரைத்தது; அதற்கான சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இப்போது சான்றிதழ் கிடைக்கிறது, அது பெரிய செய்திதான். ஆனால் பெஞ்சில் உட்கார இடம் வேண்டுமென்றால் சான்றிதழைக் காட்டியா கேட்க முடியும்?

அக்கா, அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். முதல் முறை நீங்களே உடன் சென்று அவர் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்க" என்று நீங்கள் அவரிடம் பேசுவதைக் கேட்டால் அங்கிருப்பவர்களும் அப்படியே பேசுவார்கள். பயிற்சிக் காலத்தில் வார்டில் இதை நான் பலமுறை கண்டேன். அவர் விரும்பினால் வாக்ரிபோலியில் நானே கைப்பேசி வழியாக எல்லாவற்றையும் எடுத்துச் சொல்கிறேன்.

பதில்: உசிலம்பட்டி வாசகர்

பதிவேடு பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றால் இன்றும் வயதானவர்களுக்கு முகம் மாறும். 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர்களும் குறவர் பிரிவினர் பலரும் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். பெயரையும் ஊரையும் எழுதிக் கைரேகை வைத்துக்கொள்வார்கள், சொல்லாமல் அடுத்த ஊருக்குப் போனால் தண்டனை. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல் நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட பிறகும், முகவரியைக் கேட்டு எழுதுகிறவரைக் கண்டால் என் தாத்தா எழுந்து உள்ளே போய்விடுவார். அவர் கடைசிவரை மருத்துவமனையில் தம் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. எண்ணைத் துணிப்பையில் எழுதும்போது அது எதற்கு, யார் பார்ப்பார்கள், யார் பார்க்க மாட்டார்கள் என்பதை அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

பதில்: கண்மாய்க்கரை ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. சகோதரி செவ்வாய்க்கிழமை இரவு முக்கால் மணி நேரம் கைப்பேசியில் பேசினார். அந்தத் தாய் பேச்சின் நடுவில் இரண்டு முறை அழுதார், பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். சிறுநீரின் நிறம் மாறியதைக் கண்டு முதல் வாரமே அஞ்சியதையும், கேட்க வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாததையும் அப்போதுதான் சொன்னார்.

புதன்கிழமை விடுப்பு எடுத்து அவருடன் சென்று பெஞ்சில் பக்கத்திலேயே அமர்ந்தேன். கிருமி ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிறது என்று முடிவு வந்திருக்கிறது. எடை 37 கிலோ. சிகிச்சை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. குழந்தைக்கு நோய் இல்லை, தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பணியிலிருந்த மேற்பார்வையாளரிடம் திருவிழாக்களின் பட்டியலைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, சிகிச்சை அட்டையின் பின்புறத்தில் மாதவாரியாக ஊர்களை எழுதி, பங்குனி உத்திரப் பயணத்துக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்தார். துணிப்பையில் எண்ணை எழுதும் முன் காரணம் சொன்னேன். அவரே இடத்தைக் காட்டி எழுதச் சொன்னார்.

சித்திரைத் திருவிழாவின்போது அவர்கள் மதுரையிலேயே இருப்பார்கள். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர், ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம், ஆவணியில் வேளாங்கண்ணி. இந்த மூன்று ஊர்களில் காசநோய் மருந்து வழங்கும் மையம் பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பக்கம், எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். முடிந்தால் அந்த நாளில் அவருடன் வந்து பெஞ்சில் அமர முடியுமா என்றும் சொல்லுங்கள்.